தெற்கு நான்கின் வலப்பக்கம்

அத்தியாயம் 19

உலக விஞ்ஞான வரலாற்றில் இன்றைய தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். இன்று மாலை சரியாக ஐந்து மணிக்குள், மீன்பிடிப் பூனை என்னும் விலங்கைப் பற்றி மனித குலம் இதுவரை அறிந்திராத ஓர் உண்மை வெளியுலகுக்குப் புறப்படுகிறது. உண்மை நாற்பத்திரண்டு பக்கம். இணைப்புகள் தனி.

இந்த அறிவிப்பைப் பேராசிரியர் காலை ஆறரை மணிக்கு வாசலில் நின்று பால்காரரிடம் வெளியிட்டார். பால்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அம்மா வர்ற வரைக்கும் அரை லிட்டர் போதும்தானே?" என்றார்.

அம்மா, அதாவது பேராசிரியரின் மனைவி, தன் தங்கை வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது. முழங்கால் வலி என்று வெளியே சொல்லியிருக்கிறார்கள். அந்த வலிக்குக் கட்டுரை என்று பெயர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கட்டுரை பேராசிரியரின் மகள் சின்னவளுடையது. ஊருக்கு வடக்கே ஏரி, தெற்கே சதுப்பு, நடுவில் பதினொரு கிலோமீட்டருக்கு ஊர். ஏரிக்கரையிலும் சதுப்பிலுமாக இருபத்திரண்டு தானியங்கிக் கேமராக்களைக் கம்பத்தில் கட்டிவைத்து, ஆறு வருஷத்தில் அவை எடுத்த ஒன்றரை லட்சம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவள் அவள். ஒரு லட்சத்துக்கு மேல் ஆடும் புல். மிச்சத்தில் பாதி தெருநாய். எல்லாம் சலித்துத் தேறியவை பன்னிரண்டு மீன்பிடிப் பூனைகள்.

நமக்குக் கைரேகை மாதிரி இந்தப் பூனைக்கு விலாப் புள்ளிகள். ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. அதைக் கொண்டு வடக்கு ஒன்று முதல் ஐந்து வரை, தெற்கு ஒன்று முதல் ஏழு வரை என்று பெயர் வைத்திருந்தாள். வடக்கே இருப்பது தெற்கே வந்ததில்லை. தெற்கே இருப்பது வடக்கே போனதில்லை. ஆகவே நடுவில் உள்ள ஊர் அவற்றுக்கு ஒரு சுவர். கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

பேராசிரியர் முப்பது வருஷமாக மேடைதோறும் முழங்கி வந்த 'நகரச் சுவர்க் கோட்பாடும்' இவ்வளவுதான். அப்பா சொன்னதை மகள் நிரூபித்துவிட்டாள் என்றதும் கட்டுரை எழுதியோர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. பெயரைத் தொடர்ந்து அவர் கையும் ஏறியது. தலைப்பு பதினைந்து சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்றது ஆய்விதழ். அவர் வைத்த தலைப்பு முப்பத்தொரு சொல்.

"பதினஞ்சு சொல்லுக்குள்ள நான் என் பட்டத்தையே சொல்லி முடிக்க முடியாது, பாப்பா."

"பட்டம் தலைப்புல வராதுப்பா."

"அதான் அந்தப் பத்திரிகையோட குறை."

சிரிப்புக்கு நடுவே ஒரு கத்தியும் தொங்கியது. கட்டுரை ஆய்விதழுக்குப் போய்ச் சேர்ந்ததற்கான பதிவு எண் இன்று ஐந்து மணிக்குள் அவளுக்குச் சம்பளம் தரும் நிறுவனத்தின் மேஜைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் சின்னவளின் வேலை இந்த மாதத்தோடு சரி. கேமராக்கள் இருபத்திரண்டும் கழற்றப்பட்டுப் பரணுக்குப் போகும்.

போன வாரம் முடிவில் பேராசிரியர் தன் பழைய விருதுகளைக் கூடத்தில் அடுக்குவதற்காக அலமாரியை நகர்த்தினாரே, அதில் இன்டர்நெட் வயர் அறுந்தது. சரிசெய்ய வருகிறேன் என்றவர் நாளை வருவார். நாளை என்பது அவர்கள் தொழிலில் ஒரு காலவரையறை அல்ல.

ஆக, பதினொன்றரை மணிக்குச் சின்னவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது அண்ணனின் நிலைக்கண்ணாடிக் கடைக்கு.

"நானும் வர்றேன். ஆனா கார்லயே இருப்பேன்" என்றார் பேராசிரியர்.

இரண்டு வருஷத்துக்கு முன் கடையின் ஆண்டு விழாவில் அவர் மைக்கைப் பிடித்து, "என் மகன் ஊருக்கெல்லாம் கண்ணாடி காட்டுகிறான். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டவன் தான் மட்டும் அதில் பார்ப்பதில்லை" என்று பேசினார். கைதட்டல் வந்தது. மகனிடமிருந்து பேச்சு நின்றது. இவரும் அந்தக் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் ஒருவரோடொருவர் பேசுவது சின்னவள் வழியாகத்தான். ஆறு வருஷம் பூனைகளுக்கு நடுவே கண்டுபிடித்த சுவர் அவளுக்கு வீட்டில் ஏற்கெனவே பழக்கம்.

கடைக்குள் அண்ணி பில் மேஜையில் இருந்தாள்.

"வாங்க விஞ்ஞானி. மாமா எங்கே?"

"கார்ல."

"இந்த வெயில்லயா? சபதமே உருகிடும்."

ஆய்விதழின் இணையதளத்தில் பதினேழு பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது. வரிக்கு வரி எண் போட்டாயா, மேற்கோள் நூல்களில் காற்புள்ளி எங்கே, விலங்குகளைத் துன்புறுத்தினாயா, மதிப்பிடத் தகுந்த மூவர் யார் யார். எழுதியவர்களுக்கு நலன் முரண் ஏதும் இருந்தால் தெரிவிக்கவும் என்று ஒரு பெட்டி.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "ஏன் இவ்வளவு சின்னப் பெட்டி? நம்ம குடும்பத்துக்குப் பத்தாதே."

பன்னிரண்டு மணிக்கு அண்ணி, மகனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று கிளம்பிப் போனாள். பன்னிரண்டு இருபதுக்குக் கார்க் கதவு திறந்தது. அறுபத்தெட்டு வயதுச் சிறுநீர்ப்பை சபதங்களை மதிப்பதில்லை.

உள்ளே நுழைந்த பேராசிரியருக்கு எதிரே, பக்கத்தில், மூலையில் என்று நாற்பது பேராசிரியர்கள் நுழைந்தார்கள். இவ்வளவு தரமான சபை அவருக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. காலரைச் சரிசெய்தார். எதிரே வந்தவருக்கு மரியாதையாக வழிவிட்டு ஒதுங்கினார். அவரும் ஒதுங்கினார்.

"சுண்டு," என்றான் அண்ணன் பட்டறைப் பக்கமிருந்து தங்கையிடம், "வர்றவரை இடது பக்கமா போகச் சொல்லு. வலது பக்கம் வழி இல்லை, எட்டடிக் கண்ணாடி."

"எனக்குக் கண் தெரியும்னு சொல்லு அவன்கிட்ட" என்றார் பேராசிரியர், எட்டடிக் கண்ணாடியின் மேல் கைவைத்தபடி.

அண்ணனுக்கு நாற்பத்து நான்கு வயது. விரல்களில் எப்போதும் இரண்டு பிளாஸ்திரி. டீ டம்ளரைத் தங்கையின் பக்கத்தில் வைத்தவன், திரையில் அவள் ஏற்றிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்து நின்றான். கட்டுரையின் இரண்டாம் படம் அது: புள்ளிகளைக் கொண்டு பூனையை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு மாதிரி, தெற்கு நான்கின் இடப்பக்கம்.

"இது நம்ம விருந்தாளியாச்சே."

"எந்த விருந்தாளி?"

"பின்முற்றத்துக்கு வருமே. நாலு மாசம் முன்னாடி உனக்கு வீடியோ அனுப்பினேன். நீகூடக் கட்டைவிரல் காட்டினே."

சின்னவள் போனை எடுத்து மேலே மேலே தள்ளினாள். இருந்தது. வீடியோ, கீழே அவள் அனுப்பிய கட்டைவிரல். வீடியோ திறக்கப்படவே இல்லை. ஒன்றரை லட்சம் படங்களைக் கண் பிதுங்கப் பார்த்தவள், அண்ணன் அனுப்பிய ஒன்றை மட்டும் பார்க்காமல் பாராட்டியிருக்கிறாள்.

"அண்ணிகிட்ட மூச்சு விட்டுடாதே. புலின்னு நினைச்சுப் பட்டறையையே பூட்டிடுவா."

அண்ணன் கடைக் கம்ப்யூட்டரில் போன வாரத்துச் சிசிடிவி பதிவைப் போட்டான். காலை ஐந்து முப்பத்தெட்டு. வெளுக்கத் தொடங்கிய முற்றம். ஓரத்தில் துடைப்பம், ஒரு நீல வாளி, 'உடைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகை. சுவரில் சாய்த்துவைத்த பெரிய கண்ணாடி. நடனப் பள்ளிக்காக அறுத்து, ஓர் அங்குலம் அதிகமாகிப் போனதால் திரும்பி வந்தது.

தரையோரத்து இருட்டிலிருந்து முதலில் ஒரு தலை எழுந்தது. அகன்ற, தட்டையான முகம். பிறகு நனைந்த தோள்கள். பிறகு குட்டைக் கால்களில் அசைந்து வந்த நீளமான உடம்பு. ஊர் தூங்குகிறதா என்று அது திரும்பிப் பார்க்கவில்லை. முன்னமே சொல்லி வைத்திருந்த வீட்டுக்குள் வருவது போல வந்தது. கண்ணாடி முன் நின்றது. தன்னை ஒரு முறை பார்த்தது. அந்தக் கடையில் கண்ணாடி முன் நின்றவர்களில் காலரைத் தொடாமல் போனது அது ஒன்றுதான். முற்றத்தைக் கடந்து எதிர் ஓரத்தில் இறங்கி மறைந்தது.

சின்னவள் திரையருகே குனிந்தாள். ஆறு வருஷமாகப் படமாக மட்டுமே பார்த்த உயிர், ஒரு நீல வாளிக்குப் பக்கத்தில் நடக்கிறது.

"தோள்ல மூணு புள்ளி, கீழே அறுந்த வளையம்... தெற்கு நாலு! சதுப்பு இங்கேர்ந்து ஆறு கிலோமீட்டர் ஆச்சே. எப்படிண்ணா வந்தது?"

"மழைநீர்க் கால்வாய் வழியா. ஏரியோட உபரித் தண்ணி சதுப்புக்குப் போறதுக்குக் கட்டினது. மேலே பூரா மூடிட்டாங்க. நம்ம முற்றத்துக்கு அடியில மட்டும் இடிஞ்சு மண் அடைச்சிருக்கு. அதனால இந்த ஓரத்து வாயில ஏறி, அந்த ஓரத்து வாயில இறங்கிப் போகும்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "வழி தவறி வந்திருக்கும். ஊரைப் பார்த்ததும் மிரண்டு திரும்பிடும். என் கோட்பாடு அதைத்தான் சொல்லுது."

இருக்கலாம். சின்னவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மணி ஒன்று. ஆனால் அவள் கண் கண்ணாடியை விட்டு வரவில்லை. கேமராவுக்கு இடப்பக்கத்தைக் காட்டி நடந்த பூனையின் வலப்பக்கம் அந்தக் கண்ணாடியில் முழுசாக விழுந்திருந்தது.

மற்றப் பூனைகளுக்கெல்லாம் இரு பக்கமும் அவளிடம் உண்டு. இரண்டுக்கு மட்டும் ஒரு பக்கம்தான் கிடைத்திருந்தது: தெற்கு நான்குக்கு இடது, வடக்கு இரண்டுக்கு வலது. கட்டுரையின் துணைக் கோப்பில், எட்டாம் அடிக்குறிப்பில், யாரும் கால் வைக்காத இடத்தில் அவள் அதைச் சொல்லியிருந்தாள். பொய் இல்லை. ஆனால் சன்னமான குரல்.

கண்ணாடியில் தெரிந்த உருவத்தை வெட்டியெடுத்துத் தன்னிடமிருந்த வலப்பக்கங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். எதனோடும் பொருந்தவில்லை. அப்பாடா என்றிருந்தது. தெற்கு நான்கின் வலப்பக்கமும் கிடைத்தாயிற்று. அடிக்குறிப்பைக்கூட நீக்கிவிடலாம்.

"என்ன சுண்டு, கண்ணாடில இருக்கறதை அப்படியேவா வச்சுப் பார்க்கறே?" என்றான் அண்ணன். "இடம் வலம் மாறியிருக்குமே. திருப்பிப் போடு. பதினாலு வருஷமா கஸ்டமருக்கு இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

அவள் படத்தைத் திருப்பினாள்.

ஏழு புள்ளிகள், கரண்டி மாதிரி வளைந்து, விலாவிலிருந்து தொடை வரை.

எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் விரல் தானாகவே எல்லாக் கோப்புகளையும் சுருக்கியது. பின்னால், லேப்டாப்பின் முகப்புப் படமாக மூன்று வருஷமாக இருக்கும் வடக்கு இரண்டு. ஏரியின் மகாராணி. அதன் வலப்பக்கத்தில் ஏழு புள்ளிகள், கரண்டி மாதிரி.

அவள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணு" என்றாள் சின்னவள்.

மகாராணி ஒன்றுதான். சதுப்பிலும் அதுதான், ஏரியிலும் அதுதான். பதினொரு கிலோமீட்டரும் அது நடந்திருக்கிறது. நீதிமன்றத்துக்கு அடியில், மருத்துவமனைக்கு அடியில், பேருந்து நிலையத்தில் கூட்டம் முண்டியடிக்கும் அந்த நடைமேடைக்கு அடியில். ஊரில் யாரும் அறியாமல் ஊரின் நெஞ்சுக்குள் ஒரு காட்டு உயிர் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது.

அண்ணன் நான்கு மாதத்துப் பதிவுகளையும் எடுத்தான். ஒன்பது முறை. ஐந்து முறை வடக்கே, நான்கு முறை தெற்கே. ஒவ்வொரு முறையும் உடம்பில் ஒரு பக்கம், கண்ணாடியில் மறு பக்கம். சந்தேகத்துக்கு மகாராணி இடமே வைக்கவில்லை.

"அப்போ பதினொண்ணா?" என்றார் பேராசிரியர்.

"பதினொண்ணுப்பா."

"சுவர்?"

சின்னவள் திரையைக் காட்டினாள்.

பேராசிரியர் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கியிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நாற்பது பேராசிரியர்களும் உட்கார்ந்தார்கள். முதலில் அவருக்குள்ளிருந்த பழைய துறைத்தலைவர்தான் விழித்துக்கொண்டார்.

"இதை அடிக்குறிப்புல போட்டுடலாம் பாப்பா."

"பதினோரு கிலோமீட்டர் நடந்து வந்ததை அடிக்குறிப்புலயாப்பா?"

"தொண்ணூத்தாறுல நான் எழுதினதைப் பார்த்தா, 'பெரும்பாலும் கடப்பதில்லை'ன்னுதான் இருக்கும். அந்தப் 'பெரும்பாலும்' இருக்கே..."

"அப்பா, இன்னைக்கு இதை அனுப்பினா பொய். அனுப்பலைன்னா எனக்கு வேலை இல்லை. எனக்கு இதுக்கு மேல எதுவும் தோணலை."

அவர் திரையைப் பார்த்தார். மகாராணி வாளிக்குப் பக்கத்தில் உறைந்து நின்றது.

"இன்னொரு தடவை போடு" என்றார்.

மவுஸைப் பிடித்திருந்த அண்ணனின் கை ஒரு நொடி நின்றது. இரண்டு வருஷத்தில் அப்பா அவனிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம். அதிலும் வருத்தம் கிடையாது, உத்தரவுதான். அவன் போட்டான். மறுபடி போடச் சொன்னார். ஏழாவது முறை முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தக் கால்வாய் நம்ம காலேஜுக்கு அடியில போகுதா?"

"பெரிய ஹால் இருக்கே, அதுக்கு நேர் அடியில" என்றான் அண்ணன்.

"அங்கே நின்னுதான் முப்பது வருஷம்..." பேராசிரியர் நிறுத்தினார். "நான் மேல நின்னு எதுவும் இந்த ஊரைக் கடக்காதுன்னு சொல்லிட்டிருந்தப்போ, கீழே இது... இல்லைன்னா இதோட அம்மா... அதுக்கும் அம்மா..."

சின்னவள் தன் அப்பாவை அவமானத்தில் பார்த்திருக்கிறாள், கோபத்தில் பார்த்திருக்கிறாள், மாலையோடும் சால்வையோடும் பார்த்திருக்கிறாள். வாயைப் பிளந்து பார்த்ததில்லை. எட்டு வயதுப் பையன் முதன்முதலாக யானையைப் பார்த்த முகம். அப்படி ஒரு முகம் இருந்ததால்தான் இந்த மனிதர் ஒரு காலத்தில் விலங்கியல் படிக்கப் போயிருப்பார் என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

"பேனா கொடு" என்றார்.

பையிலிருந்த அச்சுப் பிரதியில் அவரே எழுதிய விவாதப் பகுதி மூன்று பக்கம். கோட்பாடு, அதன் வரலாறு, அதை மறுத்தவர்களின் அறியாமை. மூலைக்கு மூலை கோடு போட்டு அடித்தார். கோடு நேராகத்தான் விழுந்தது.

அதன் பிறகு மூன்று மணி நேரம் அந்தக் கடையில் யாரும் டீகூடக் கேட்கவில்லை. எண்ணிக்கைக் கணக்கைச் சின்னவள் முதலிலிருந்து ஓடவிட்டாள். ஓடி முடிக்க நாற்பது நிமிஷமானது. அண்ணன் பதிவுகளிலிருந்து படங்களை வெட்டி, திருப்பி, தேதி போட்டான். பாதியில் விட்ட ஆராய்ச்சி விரலில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பேராசிரியர் புதிய முடிவுரையை எழுதினார். பதினோரு வரி. ஒரு வரியில்கூட 'நான்' இல்லை. புதிய தலைப்பு ஒன்பது சொல்.

எழுதியோர் பட்டியலில் மூன்றாவது பெயரை அவரே தட்டச்சு செய்தார்.

"என் பேரெல்லாம் வேண்டாம்னு சொல்லு, சுண்டு" என்றான் அண்ணன் பழக்க தோஷத்தில்.

"நீயே சொல்லுடா. நான் இங்கேதானே இருக்கேன்."

"வேண்டாம்ப்பா."

"வாயை மூடு. பணிபுரியும் இடம்னு ஒரு கட்டம் கேட்குது, கடையோட முழுப் பேரைச் சொல்லு."

நான்கு ஐம்பத்தொன்றுக்குச் சின்னவள் கடைசிப் பொத்தானை அழுத்தினாள். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு ஐம்பத்து நான்குக்குப் பதிவு எண் வந்தது. அதை நிறுவனத்துக்கு அனுப்பினாள். 'பெற்றுக்கொண்டோம்' என்று நான்கு ஐம்பத்தெட்டுக்குப் பதில் வந்தது. அண்ணன் அவள் தலையில் லேசாகக் குட்டினான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே கதவில் முட்டிக்கொண்டன.

பேராசிரியர் எழுந்தார். "அது வர்ற வழியை எனக்குக் காட்டு."

அண்ணன் நேற்று முழுக்க ஒரு ஹோட்டலில் கண்ணாடி மாட்டப் போயிருந்தான். இன்று காலையில் வந்த சரக்கை முன்பக்கமே இறக்கியாயிற்று. பின்முற்றத்துக் கதவை இரண்டு நாளில் இப்போதுதான் திறந்தான்.

வாளி இருந்தது. துடைப்பம் இருந்தது. நடனப் பள்ளியின் கண்ணாடியில் மூன்று பேரும் தெரிந்தார்கள். இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் கால்வாயின் வாய் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு சதுரங்கள் தெரிந்தன.

பள்ளியிலிருந்து திரும்பிய அண்ணி கைப்பையோடு பின்னால் வந்து நின்றாள்.

"பார்த்தீங்களா, ஒருவழியா மூடிட்டாங்க. நேத்து மத்தியானம்தான் நகராட்சி ஆளுங்க வந்தாங்க. அந்த நாத்தத்துக்கு ரெண்டு வருஷமா மனு மேல மனு போட்டேன். ஏன் எல்லாரும் இப்படி நிக்கறீங்க?"

"கடைசியா எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டாள் சின்னவள்.

"வடக்கே" என்றான் அண்ணன். "இன்னும் திரும்பலை."

பேராசிரியர் மெதுவாகக் குந்தி, ஒரு சதுரத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

சிமென்ட் நன்றாகவே காய்ந்திருந்தது.